புதன்கிழமை வந்தவர்களும் வெள்ளிக்கிழமை வந்தவர்களும்

ஆரணி,
திங்கட்கிழமை.

தேசூரில் வாழும் பெரியவரும், என் அக்காவைக் கைப்பிடித்த நாள் முதல் எங்கள் குடும்பத்து நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் நிற்பவருமான இராஜமாணிக்கம் மாமா அவர்களுக்கு, மைத்துனன் கந்தசாமி வணங்கி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம், அங்கே உங்கள் சுகத்துக்குப் பதில் எழுதவும் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை மாமா. இன்று காலை பதினோரு மணிக்கு என் தலையில் இடி இறங்கியது. அதிலிருந்து சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி அபிதம் மோர் கரைத்துக் கொடுத்தாள், அதுவும் இறங்கவில்லை. இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். போனில் பேசியதால்தான் இவ்வளவும் நடந்தது. இனிமேல் முக்கியமான விஷயம் எதையும் நான் போனில் பேசுவதாக இல்லை. எழுத்தில் இருந்தால் மறுமுறை படித்தாவது பார்க்கலாம்.

நம் பையன் ஹேமநாத்துக்கு முப்பது தாண்டிவிட்டது உங்களுக்குத் தெரியும். தறி ஓட்டுகிற பையன் என்றாலே பெண் வீட்டார் ஜாதகத்தைத் திருப்பித் தருகிற காலம் இது. எத்தனை இடம் வந்து போயிற்று. கடைசியில் நீங்கள் அலைந்து திரிந்து சந்தவாசல் பாலமுருகன் வீட்டுப் பெண் ஜெயப்ரியாவைப் பேசி வைத்தீர்கள். பெண் செய்யாறில் கம்பெனி வேலைக்குப் போகிறவள், போட்டோவில் பார்த்ததற்கே ஹேமநாத் இரண்டு நாள் சிரித்துக்கொண்டே தறியில் இழை அறுத்தான். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண் வீட்டார் வந்து வீடு பார்த்துவிட்டால் முடிந்தது என்றீர்கள். நான் அவர்களில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. வரப்போவது புதன்கிழமை என்று முதலில் சொன்னீர்கள். செவ்வாய்க்கிழமை மறுபடி போன் செய்தீர்கள். அப்போது விசைத்தறி இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். நீங்கள் சொன்னதில் என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "புதன்... பாலமுருகன் வீட்ல... வெள்ளிதான் நல்லதுன்னு சொல்றாங்க."

நான் என்ன நினைப்பேன், நீங்களே சொல்லுங்கள். வெள்ளி ஜரிகையிலேயே பிறந்து ஜரிகையிலேயே வளர்ந்தவன் நான். வெள்ளி என்றால் எனக்குக் கிழமையா ஞாபகம் வரும்? "ஆவட்டும் மாமா, வெள்ளியே வெச்சிடலாம்" என்று நான் சொன்னேன். நீங்களும் "அப்டியே வெச்சிக்க" என்று வைத்துவிட்டீர்கள். உடனே அபிதத்தைக் கூப்பிட்டு, "அவுங்க எவர்சில்வர்ல குடிக்க மாட்டாங்களாம், வெள்ளிதான் வேணுமாம்" என்றேன். "இன்னும் சம்பந்தமே ஆவல, அதுக்குள்ள இவ்ளோ பவிசா" என்று முனகிக்கொண்டே அவள் பின்வீட்டுத் தம்பி பெண்டாட்டியிடம் போய் வெள்ளி டம்ளரும் வெள்ளித் தட்டும் கேட்டு வாங்கி வந்தாள்.

அது போதாதென்று செவ்வாய் முழுக்கக் கழிப்பறையைக் காலி செய்தோம். எங்கள் கழிப்பறை விஷயம் உங்களுக்குத் தெரியாததில்லை. அரசாங்கம் திட்டத்தில் பணம் கொடுத்து வீட்டுக்குள் கட்டிய கழிப்பறை அது. சுவரெல்லாம் டைல்ஸ், கதவுக்குப் பூட்டு, எலி ஏறாது, கரையான் அண்டாது, ஈரம் கிடையாது. அப்படி ஓர் அறையை யாராவது அந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துவார்களா? முதலாளி கொடுத்த பட்டு நூலும் ஜரிகைப் பெட்டியும் அங்கேதான் இருக்கின்றன. நாங்கள் போவதெல்லாம் பின்பக்கம் என் தம்பி குடும்பத்தோடு பொதுவில் இருக்கிற பழையதற்குத்தான். ஆனால் வரப்போகிற பெண் வீட்டாரிடம் அதைக் காட்ட முடியுமா? ஆகவே பட்டு நூலை எல்லாம் கட்டிலுக்கு மாற்றி, டைல்ஸைத் துடைத்து, சாம்பிராணி போட்டோம். அதன் வாசலில் மாவிலை கட்டலாமா என்று நான் கேட்டபோது மட்டும் அபிதம் வேண்டாம் என்றுவிட்டாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் இரண்டு பெண்கள். மூத்தவர் கழுத்தில் அட்டை தொங்கியது, கையில் பெரிய போன். கூட வந்தவள் தோளில் ஒரு பை. "வணக்கங்க. வீடு பாக்க வந்திருக்கோம். என் பேரு ரேணுகாதேவி" என்றார் அந்த அம்மா. வீடு பார்க்க வந்திருக்கிறோம் என்று ஒருவர் வாயாலேயே சொன்ன பிறகு நான் வேறு என்னத்தைக் கேட்பது? பாலமுருகன் ஏன் வரவில்லை என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆண்கள் வந்தால் அடுப்படி வரை போக முடியாது, அதனால் அத்தையும் சித்தியும் வந்திருக்கிறார்கள், கழுத்து அட்டையைப் பார்த்தால் அத்தை கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறார் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பட்டுச் சட்டை போட்டு நிறுத்தியிருந்த ஹேமநாத்தை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை மாமா. எனக்கு அதுவே முதல் அதிர்ச்சி. பையன் என்ன படித்தான், என்ன சம்பாதிக்கிறான், குடிப்பானா, ஒன்றும் இல்லை. உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "தண்ணி எங்கேர்ந்து வருதுங்க?" என்பது. காலம் இவ்வளவு மாறிவிட்டதா என்று மலைத்துப் போனேன். அப்புறம் சமாளித்துக்கொண்டு, குழாயில்தான் வருகிறது, இருபத்துநாலு மணி நேரமும் வருகிறது, மூடுவதற்குத்தான் சிரமப்படுகிறோம் என்றேன். எங்கள் தெரு மேட்டில் இருப்பதும், கீழ்த்தெருவில் குடம் நிரம்பி வழிகிறபோது இங்கே குழாய் இருமிக்கொண்டிருப்பதும் அவர்களுக்கு எதற்கு? "வீட்டுப் பொம்பளைங்க தண்ணிக்கின்னு எவ்ளோ தூரம் நடக்கணும்?" என்றார். "எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு ஒரு அடிகூட நடக்க வேணாங்க, நான் கியாரண்டி" என்றேன். அவர் போனில் குத்திக்கொண்டார். "தண்ணி பாதுகாப்பா இருக்கா?" என்றார். "தொட்டிக்கு பூட்டு போட்டிருக்கங்க, சாவி இவகிட்ட" என்று அபிதத்தைக் காட்டினேன். அதையும் குத்திக்கொண்டார்.

கேள்வி போகப் போக எனக்கு வியர்த்தது. கழிவுத் தொட்டியைக் கடைசியாக எப்போது அள்ளினீர்கள் என்று கேட்டார் மாமா. எந்த ஊரிலாவது சம்பந்தி இப்படிக் கேட்டு நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? அள்ளுவதற்கே வேலையில்லை, அவ்வளவு சுத்தம் என்றேன். கழிப்பறை எத்தனை என்றார். ஒன்று என்றால் மதிப்பாக இருக்காது என்று தோன்றியது. "மூணுங்க. ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு வர்றவங்க போறவங்களுக்கு, ஒண்ணு மருமகளுக்குன்னு தனியா" என்றேன். உள்ளே போய் டைல்ஸைப் போட்டோ எடுத்தார்கள். சாம்பிராணி வாசனையில் கூட வந்தவள் தும்மினாள். தம்பியின் குளியலறையையும் பழையதையும் தூரத்திலிருந்து காட்டி எண்ணிக்கையைச் சரிக்கட்டினேன். "அஞ்சு வருஷத்துக்கு முன்ன எப்டி, இப்ப எப்டின்னு முன்னேற்றத்த அளக்கறோங்க" என்றார் ரேணுகாதேவி. அளக்கட்டுமே. "அஞ்சு வருஷத்துக்கு முன்ன ஒரே கைத்தறிங்க. இப்ப பவர்லூம் ரெண்டு. இதவிட இன்னா முன்னேற்றம் வேணும்?" என்றேன். ஏனோ அதை மட்டும் அவர் குத்திக்கொள்ளவில்லை.

பிறகு குடிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொடுங்கள் என்றார். அபிதம் கடையில் வாங்கிய கேன் தண்ணீரை வெள்ளி டம்ளரில் கொண்டுவந்தாள். குழாய்த் தண்ணீர்தானே என்று கேட்டார். சாட்சாத் குழாய் என்றேன். அந்த அம்மா குடிக்கவில்லை. கூட வந்தவள் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, வெள்ளி டம்ளரிலிருந்து அதில் ஊற்றி மூடி, "ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சிடுங்க" என்றாள். கோயிலில் பூப்போட்டுப் பார்க்கிறார்களே, அந்த மாதிரி இது சந்தவாசல் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது, உத்தரவு கிடைத்தால்தான் பெண் கொடுப்பார்கள் என்று நினைத்து நான் அந்தப் பாட்டிலை ஒரு கும்பிடு வேறு போட்டேன்.

கடைசியாகத்தான் அந்த அநியாயம் நடந்தது. "கை கழுவுற எடம் எங்கங்க இருக்கு?" என்று கேட்டு, ரேணுகாதேவி முற்றத்துக்குப் போய், சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, நிதானமாகக் கை கழுவினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சம்பந்தம் நிச்சயமாகாமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டா? வெறும் காபியோடு எழுந்து போவார்கள். இந்த அம்மா தானாகவே இடம் கேட்டுக் கை நனைக்கிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? "அபிதம், கை நனைச்சிட்டாங்க, ஜல்தி" என்றேன். அவள் கேசரியோடு ஓடிவந்தாள். வேண்டாம் வேண்டாம் என்றவர்களை விடாமல் ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட வைத்தோம். அவர்கள் தெருமுனை திரும்பியதும் உங்களுக்குப் போன் செய்து, "கை நனைச்சிட்டாங்க மாமா, முடிஞ்சிபோச்சு" என்றேன். நீங்கள் ஏதோ கத்தினீர்கள். தறி ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் கத்துகிறீர்கள் என்று நினைத்தேன். அதன் பிறகு நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை எல்லாம் வாழ்த்து என்று எண்ணி, ஓய்வாகக் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன். இன்று எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டேன். "வெள்ளிக்கிழமைடா, வெள்ளிக்கிழமைடா" என்று நீங்கள் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறீர்கள். என்னை மன்னிக்க வேண்டும்.

இனி வெள்ளிக்கிழமை கதை. அன்று காலை எதிர்வீட்டு கிரண் வந்தான். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறானே, ஊரில் எந்தத் திட்டம் வந்தாலும் அவனுக்குத்தான் முதலில் தெரியும். "இன்னா நைனா, நம்ம தெருவுல தண்ணி, கக்கூஸ் பத்தி சர்வே எடுத்துகினு இருக்காங்க. எல்லாம் நல்லாக்கீதுன்னு சொல்லிட்டின்னா நம்ம தெருவ அப்டியே உட்டுடுவாங்க. கொறைய கொட்டு. அப்பதான் புது பைப்பு போடுவாங்க" என்றான். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மருமகள் வரப்போகிறாள், ஒரு நல்ல குழாய் வந்தால் அவளுக்குத்தானே நல்லது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தப்பு உண்டா மாமா? கேன் தண்ணீரைக் கட்டிலுக்கடியில் ஒளித்தேன். வீட்டிலிருந்த குடங்களைக் காலி செய்து வாசலில் கவிழ்த்தேன். வருகிறவர்கள் கேட்டாலும் குடிக்க ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று அபிதத்துக்கு உத்தரவு போட்டேன். "வூட்டுக்கு வந்தவங்களுக்கு தண்ணி இல்லன்னு சொல்றதாங்க? நல்லாவா இருக்கும்?" என்றாள். "இன்னிக்கி ஒரு டம்ளர் குடுத்தா அப்புறம் காலத்துக்கும் பைப்பு வராது" என்றேன்.

பதினோரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். வேட்டி கட்டிய பெரியவர், அவர் மனைவி, ஒரு வாலிபர். "வீடு பாக்கலாம்னு வந்தோங்க" என்றார் பெரியவர். கையில் பை நிறைய ஆப்பிள், வாழைப்பழம், மல்லிகைப் பூ. அரசாங்கம் சர்வேக்கு வரும்போது பழமும் கொடுக்க ஆரம்பித்துவிட்டதா என்று அசந்துபோனேன். "எல்லா வூட்டுக்கும் குடுக்கறீங்களா, எங்களுக்கு மட்டுமா?" என்று வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

வெயிலில் வந்ததால் அந்த அம்மா முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். நான் கையைப் பிசைந்துகொண்டு, "எங்க வூட்ல குடிக்க தண்ணி கெடையாதுங்க" என்றேன். அபிதம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்ப எப்டி சமாளிக்கறீங்க?" என்றார் அந்த அம்மா. "சமாளிக்கலங்க, பழகிகினோம்" என்றேன். அதற்குப் பிறகு என்னை நிறுத்த ஆளில்லை. நாலு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வரும், அதுவும் நேரம் காலம் கிடையாது, அபிதம் கீழ்த்தெருவுக்குக் குடம் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது என்றேன். கழிப்பறையைத் திறந்து, புதன்கிழமைக்குப் பிறகு மறுபடி உள்ளே அடுக்கியிருந்த பட்டு நூலைக் காட்டினேன். அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். "அப்ப நீங்கல்லாம்?" என்றார். "பின்னால ஒண்ணு இருக்குங்க. ரெண்டு குடும்பம், ஒரே கதவு. காத்தால க்யூ நிக்கணும். பொம்பளைங்க ஆம்பளைங்க எழுந்திருக்கறதுக்கு முன்ன போய்ட்டு வந்துடணும்" என்றேன். கழிவுத் தொட்டி மழைக்காலத்தில் பொங்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன். பெரியவர் மெல்ல, "பையன் எங்கங்க?" என்றார். எத்தனை பேருக்கு நோய் என்று கணக்கெடுக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, "அவன ஏன் கேக்கறீங்க, மாசத்துல பாதி நாள் வயித்தால போய்கினே இருக்கான்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஹேமநாத் பின்பக்கத்திலிருந்து வந்தான். லுங்கி, பனியன், ஒரு கையில் வாளி, மறுகை வயிற்றில், முகம் வெளுத்துப் போயிருந்தது. காலையிலிருந்தே அவனுக்குச் சரியில்லை. நான் சொல்லிக் கொடுத்து அவன் நடித்தது என்று நினைக்காதீர்கள். வந்தவர்களைப் பார்த்து, வாளியோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மறுபடி பின்பக்கமே போய்விட்டான். இதைவிடப் பொருத்தமாக யாரும் நடிக்க முடியாது என்று நான் உள்ளுக்குள் பூரித்தேன்.

பெரியவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எதையும் மறைக்காம சொல்றீங்களே" என்றார். "மறைச்சா எங்களுக்கு எப்டிங்க கெடைக்கும்?" என்றேன். நான் பைப்பைச் சொன்னேன் மாமா. "வீட்ல கலந்து பேசிட்டு சொல்றோம்" என்று எழுந்தார்கள். மேலிடத்தில் பேசப் போகிறார்கள் என்று எனக்கு மகா திருப்தி. வாசல் வரை போய், "எங்க வூட்டையும் ஒரு வூடா நெனச்சி பாத்து செய்ங்க" என்று அந்தப் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்று காலை ரேணுகாதேவி மறுபடி வந்தார். சம்பந்தியம்மாள் தேதி குறிக்க வந்திருக்கிறார் என்று நான் நாற்காலியைத் துடைத்தேன். அவர் பையிலிருந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே இருந்த தண்ணீர் கன்னங்கரேலென்று இருந்தது. உத்தரவு கிடைக்கவில்லை, சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன். "அம்மா, ஒரு பாட்டில வெச்சி முடிவு பண்ணிடாதீங்க. எம் பையன் தங்கமான பையன், நீங்க அவன்கிட்ட பேசவே இல்லியே" என்றேன். அவர் விழித்தார். "உங்க பையன்கிட்ட நான் இன்னாத்துக்கு சார் பேசணும்? நான் குடிதண்ணி சர்வேங்க" என்றார்.

தறியை நிறுத்து என்று நான் போட்ட சத்தத்தில் ஹேமநாத் ஓடி வந்தான். "அப்ப வெள்ளிக்கெழம வந்து பழம் குடுத்தவங்க யாரு?" என்று கேட்டது நான்தானா, அபிதமா என்று தெரியவில்லை. ரேணுகாதேவி, "நாங்க யாருக்கும் பழம் குடுக்கறதில்லைங்க" என்றார். அபிதம் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். ஹேமநாத் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தறியில் போய் உட்கார்ந்தான், தறியைப் போடவில்லை.

அந்த அம்மாவோ விடவில்லை. "சார், பாட்டில் கருப்பானா தண்ணியில மலக்கிருமி கலந்திருக்குன்னு அர்த்தம். எந்தக் குழாய்த் தண்ணி இது?" என்றார். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? கேன் தண்ணீர் என்று ஒப்புக்கொண்டேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கோ ஒரு சந்தில் நிரப்புகிற கேன் அது. காசு கொடுத்து வாங்கி, சுத்தம் சுத்தம் என்று நாங்கள் குடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். ஹேமநாத்தின் வயிற்றுக்குப் பரோட்டாவைத் திட்டினோம், கேசரியைத் திட்டினோம், அவன் அம்மாவின் சமையலைத் திட்டினோம். அந்த வெள்ளி டம்ளரில் இருந்ததை யாரும் சந்தேகப்படவில்லை. என் பிள்ளைக்கு நானே பிரியமாக ஊற்றி ஊற்றிக் கொடுத்திருக்கிறேனே என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்ப அந்த மூணு கழிப்பறை?" என்றார் ரேணுகாதேவி. அதையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நீங்க மட்டும் இல்ல சார். புதன்கிழம இந்தத் தெருவுல நாங்க போன எல்லா வூட்லயும் அமோகமா இருக்குன்னுதான் சொன்னாங்க. யாருன்னே தெரியாத ஆளுகிட்ட கொறைய சொல்ல மானம் தடுக்குது. நாங்களும் அத எழுதி, நூத்துக்கு நூறு முன்னேற்றம்னு மேல அனுப்பிடறோம்" என்று சொல்லி, எங்கள் வீட்டுக் கணக்கை முதலிலிருந்து குத்த ஆரம்பித்தார்.

ஆகவே மாமா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சந்தவாசல் போங்கள். பாலமுருகனைப் பாருங்கள். அன்று என் மைத்துனன் சொன்னது அத்தனையும் பொய், ஒரு குழாய்க்கு ஆசைப்பட்டு வாயில் வந்ததை எல்லாம் உளறிவிட்டான், வீடு நல்ல வீடு, தண்ணீருக்குக் குறைவில்லை, பையன் கல் மாதிரி இருக்கிறான் என்று அடித்துச் சொல்லுங்கள். வாளியைப் பற்றிக் கேட்டால் ஏதாவது நீங்களாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள். இந்த இடம் தவறிப்போனால் என் பிள்ளைக்கு இன்னொன்று அமையாது. அதைவிட, அவன் இனி என்னிடம் பேசுவானா என்பதே எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். படவேட்டு அம்மன் எல்லோரையும் நல்லபடியாக வைக்க வேண்டும். அந்த எல்லோரில் என்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தங்கள் சொல்லுக்கு என்றும் கட்டுப்பட்ட,
கந்தசாமி.

பி.கு.: சந்தவாசல் போக வேண்டாம். சட்டையை மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அபிதத்திடம் படித்துக் காட்டினேன். "அவங்ககிட்ட இன்னா பொய் சொன்னீங்க, ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். நானும் யோசித்தேன். நாலு நாள் தண்ணீர், குடம், அவள் இடுப்பு, ஒரே கதவு, மழைக்குப் பொங்குகிற தொட்டி, பையன் வயிறு. குடிக்கத் தண்ணீர் இல்லை என்றதுகூட, அந்தக் கேனைப் பார்த்தால் உண்மைதான். ஒன்றுகூடப் பொய்யில்லை மாமா. பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டே உள்ளதை எல்லாம் சொல்லியிருக்கிறேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு உண்மை ஒரே நாளில் பேசியதில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து உட்கார்ந்திருந்தபோது ஹேமநாத்தின் போன் அடித்தது. எடுத்தவன் என்னிடம் நீட்டினான். பாலமுருகன். தறி ஓடவில்லை, அதனால் ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது.

"மூத்த பொண்ணைக் குடுத்த எடத்துல வீடு பாக்க போனப்ப, எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு ராணியாட்டம் இருப்பா, தண்ணிக்கி ஒரு அடி நடக்க வேணாம்னாங்க. இப்ப அவ விடியறதுக்கு முன்ன குடத்த தூக்கிகினு நிக்கிறா. அதுக்கப்புறம் போன வூட்ல எல்லாம் அதே பாட்டுதான். நீங்க ஒருத்தர்தான் இல்லன்னா இல்லன்னு சொன்னீங்க. வந்து ஜெயப்ரியாகிட்ட அப்டியே சொன்னேன். தண்ணி இல்லாட்டி கேட்டு வாங்கிக்கலாம்பா, நெஜம் பேசற வூடு கெடைக்காதுன்னுட்டா" என்றார் அவர். ஒரு அடிகூட நடக்க வேண்டாம் என்று புதன்கிழமை நான் சொன்னது எனக்குத்தான் தெரியும். ரேணுகாதேவிக்கும் தெரியும், ஆனால் அவர் சந்தவாசல் பக்கம் சர்வேக்குப் போக மாட்டார் என்று நம்புகிறேன். "எனக்குத் தெரிஞ்சத சொன்னேங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன். பையனை நாளைக்கே நல்ல டாக்டரிடம் காட்டும்படி பாலமுருகனின் மனைவி போனை வாங்கித் தனியாக ஒருமுறை சொன்னார்.

அடுத்த வாரம் மரியாதைக்கு நாம் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். நீங்களும் அக்காவும் வந்துவிடுங்கள். அங்கே வந்து பையன் வீட்டுப் பெரியவர் என்கிற முறையில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், தண்ணீர் எப்படி வருகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாலமுருகன் மானஸ்தர், நல்லா வருதுங்க என்பார். நம்புகிற மாதிரி நான் தலையாட்ட வேண்டியிருக்கும்.